ஒருவர் பெயரில் எழுதப்படும் வெற்றிகள்

 

2014ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி நகரில் நிகழ்ந்த ஒரு காட்சியை நம்மில் பலர் கைப்பேசியில் கண்டிருப்போம். அந்நாட்டு ஃபுட்பால் ஆட்டத்தில் சீஃப்ஸ் அணிக்காக விளையாடிய ஹுஸைன் அப்துல்லாஹ், எதிரணியினர் எறிந்த பந்தை இடைமறித்துப் பிடித்தார்; எல்லைக்கோடு வரை ஓடிப் புள்ளிகளைப் பெற்றார்; அவ்விடத்திலேயே ஸஜ்தாவில் விழுந்தார். 2012ஆம் ஆண்டின் ஆட்டங்கள் முழுவதையும் விட்டுவிட்டுத் தம் சகோதரர் ஹம்ஸாவுடன் ஹஜ்ஜுக்குச் சென்றவர் அவர். கொண்டாட்டத்திற்காகத் தரையில் விழுந்ததாகக் கருதி நடுவர் அவருடைய அணிக்கு 15 கஜம் தண்டனை விதித்தார். வழிபாட்டுக்கு அவ்விதி பொருந்தாது, தண்டனை விதித்தது தவறு என்று மறுநாளே போட்டி நிர்வாகம் அறிவித்தது.

அந்தக் காட்சியை நாம் மகிழ்ச்சியோடு பகிர்ந்துகொண்டோம். எனினும் அந்தப் பந்தை எறிந்தவர் யார் என்று நம்மில் பெரும்பாலோர் கேட்கவில்லை. எறிந்தவர் டாம் பிரேடி. அமெரிக்க ஃபுட்பாலின் வரலாற்றிலேயே மிகப் பெரிய ஆட்டக்காரர் என்று பலரால் போற்றப்படுபவர். அன்றிரவு அவருடைய பேட்ரியட்ஸ் அணி 41–14 என்ற கணக்கில் தோற்றது. ஆட்டம் முடியுமுன்பே அவரை வெளியே அமர்த்திவிட்டு இளம் வீரர் ஒருவரைக் களமிறக்கினார்கள். பிரேடியின் காலம் முடிந்துவிட்டதா என்ற பேச்சு நாடெங்கும் எழுந்தது. நான்கு மாதங்கள் கழித்து, 2015 பிப்ரவரி 1ஆம் நாள், அதே பிரேடி அந்த ஆண்டின் இறுதிப் போட்டியாகிய சூப்பர் பவுலை வென்று கிண்ணத்தை ஏந்தினார்.

செப்டம்பரில் முடிந்துபோனவர், பிப்ரவரியில் எவ்வாறு வரலாற்று நாயகர் ஆனார்? அதே மனிதர், அதே கை, அதே அறிவு. அப்படியானால் நாம் ‘அவருடைய வெற்றி’, ‘அவருடைய தோல்வி’ என்று எழுதி வைக்கும் கணக்கில் உண்மையிலேயே அவருடையது எவ்வளவு?

இக்கேள்வியை நம்மிடம் கொண்டுவந்தவர் அமெரிக்காவில் குடியேறிவிட்ட நம் பழைய மாணவர் ஒருவர். அவருடைய இரு பிள்ளைகளும் சாப்பிடும் நேரத்தில்கூட இதைப் பற்றியே வாதிடுகிறார்களாம். ஒருவனுக்குப் பிரேடி, மற்றவனுக்குப் பெய்டன் மானிங். “நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள், ஹஜ்ரத்” என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். விளையாட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று என்று முதலில் தட்டிக் கழித்தோம். பின்னர் சிந்தித்தபோது, மனிதர்களை எடைபோடுவதில் நாம் அன்றாடம் செய்யும் ஒரு தவறு இந்த வாதத்தின் அடியில் கிடப்பதாகத் தோன்றியது. ஆகவே எழுத முற்பட்டோம்.

ஆட்டத்தின் அமைப்பு

இது நாம் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தியும் எறிந்தும் 100 கஜ நீளக் களத்தில் முன்னேறும் ஆட்டம். ஓர் அணிக்கு ஒரு நேரத்தில் களத்தில் 11 பேர். நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜம் முன்னேறினால் ஆட்டத்தைத் தொடரலாம். இல்லையேல் பந்து எதிரணிக்குப் போகும். எல்லைக்கோட்டைக் கடந்து பந்தைச் சேர்ப்பதற்கு ‘டச் டவுன்’ என்று பெயர். அதற்கு 6 புள்ளிகள்.

தாக்கும் அணியின் நடுவில் நின்று பந்தை வாங்கி, எவருக்கு எறிவது, எவர் கையில் கொடுப்பது என்று இரண்டு மூன்று விநாடிகளுக்குள் முடிவெடுப்பவரே ‘குவாட்டர்பேக்’. அவருக்கு முன்னால் ஐந்து பேர் சுவர்போல் நின்று எதிரிகளைத் தடுக்கிறார்கள். அந்த ஐவரும் பந்தை எறிவதில்லை, வழக்கமாகப் பிடிப்பதுமில்லை. அவர்கள் தடுத்துத் தரும் அந்த இரண்டு மூன்று விநாடிகள்தாம் குவாட்டர்பேக்கின் முழு மூலதனம்.

இங்கே இன்னொன்றையும் மனத்தில் இருத்த வேண்டும். இந்த ஆட்டத்தில் தாக்குவதற்கு ஒரு குழு, தற்காப்பதற்கு வேறொரு குழு, பந்தை உதைப்பதற்கு மற்றொரு குழு. எதிரணியிடம் பந்து இருக்கும்போது குவாட்டர்பேக் களத்திற்கு வெளியே அமர்ந்திருப்பார். அதாவது ஆட்டத்தின் ஏறத்தாழப் பாதி நேரம் அவர் நம்மைப் போலவே ஒரு பார்வையாளர். ஆயினும் வெற்றி தோல்வி மட்டும் அவர் பெயரிலேயே எழுதப்படுகிறது. ‘இத்தனை வெற்றி, இத்தனை தோல்வி’ என்று தற்காப்பாளர் ஒருவருக்கு எவரும் கணக்கு வைப்பதில்லை, குவாட்டர்பேக்குக்கு வைக்கிறார்கள்.

மோதிரக் கணக்கு

அமெரிக்க இளைஞர்கள் கையாளும் முதல் அளவுகோல் சூப்பர் பவுல் வெற்றிகளின் எண்ணிக்கை. வென்ற அணியினருக்கு மோதிரம் வழங்கப்படுவதால் அதை ‘மோதிரக் கணக்கு’ என்றே சொல்லலாம். பிரேடிக்கு 7. ஜோ மொன்டானாவுக்கும் டெர்ரி பிராட்ஷாவுக்கும் 4. பேட்ரிக் மஹோம்ஸுக்கு 3. மானிங்குக்கு 2. டான் மரீனோவுக்கு ஒன்றுமில்லை. இந்தப் பட்டியலை வாசித்த உடனே வாதம் முடிந்துவிட்டதாகப் பலர் கருதுகின்றனர்.

ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். அம்மோதிரம் அணியில் உள்ள அனைவருக்கும் வழங்கப்படுகிறது. முன்வரிசைக் காவலருக்கும் உண்டு. பந்தை உதைப்பவருக்கும் உண்டு. கொடுக்கும்போது அனைவருக்கும் கொடுத்துவிட்டு, எண்ணும்போது மட்டும் ஒருவர் விரலை எண்ணுகிறோம்.

இக்கணக்கு எவ்வளவு பிழையானது என்பதற்கு இருவரை ஒப்பிட்டாலே போதும். மயாமி டால்ஃபின்ஸ் அணியின் டான் மரீனோ 1984இல் 5,084 கஜம் பந்தெறிந்து 48 டச் டவுன்களை ஈட்டினார். அதற்கு முன் எவரும் ஒரே பருவத்தில் 5,000 கஜத்தைத் தொட்டதில்லை. அப்பருவத்தின் சூப்பர் பவுலில் மொன்டானாவின் சான் ஃபிரான்சிஸ்கோ அணியிடம் 38–16 என்று தோற்றார். அதன்பின் 1999 வரை ஆடியும் மீண்டும் ஒருமுறைகூட அந்த மேடையை அவர் எட்டவில்லை.

பால்டிமோர் ரேவன்ஸ் அணியின் டிரென்ட் டில்ஃபருக்கு ஒரு மோதிரம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டுப் பருவத்தில் அந்த அணி தொடர்ச்சியாக ஐந்து ஆட்டங்களில் ஒரு டச் டவுன்கூட எடுக்கவில்லை. அந்த ஐந்தில் பெரும்பாலானவை டில்ஃபர் பொறுப்பேற்கும் முன் நடந்தவை. வியப்பு என்னவென்றால், அந்த ஐந்திலும் இரண்டை அவ்வணி வென்றது! காரணம், அதன் தற்காப்புக் குழு. 16 ஆட்டங்களில் மொத்தம் 165 புள்ளிகளை மட்டுமே அது எதிரிகளுக்கு விட்டுக்கொடுத்தது. இறுதிப் போட்டியில் 34–7 என்று வென்றபோது சிறந்த ஆட்டக்காரர் விருது தற்காப்பாளர் ரே லூயிஸுக்கே சென்றது. பருவம் முடிந்ததும் அந்த அணியே டில்ஃபரை விடுவித்துவிட்டது. அவரைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கே தெரிந்திருந்தது, வெற்றி எங்கிருந்து வந்தது என்று.

மோதிரக் கணக்கின்படி டில்ஃபர் மரீனோவைவிடப் பெரியவர். அதை எவரேனும் நம்புவார்களா? நம்பமாட்டார்கள். ஆனால் அதே அளவுகோலைப் பிரேடிக்கும் மானிங்குக்கும் நடுவில் வைக்கும்போது மட்டும் தயங்காமல் நம்புகிறார்கள்.

ஒரே மனிதர், இரு முடிவுகள்

இருவரை ஒப்பிடுவதைவிட ஒருவரை அவரோடே ஒப்பிடுவது நீதிக்கு நெருக்கமானது. மானிங்கை எடுத்துக்கொள்வோம். 2013இல் டென்வர் பிராங்கோஸ் அணிக்காக அவர் ஆடியது அவர் வாழ்வின் உச்சம். 55 டச் டவுன்கள், 5,477 கஜம். இரண்டும் அதுவரை எவரும் எட்டாத எண்கள். அந்தப் பருவத்தின் சூப்பர் பவுலில் முதல் பந்தே அவர் கைக்கு வராமல் அவரைக் கடந்து பின்னால் பறந்தது. பன்னிரண்டே விநாடிகளில் எதிரணிக்குப் புள்ளி. முடிவில் 43–8 என்று சியாட்டில் அணியிடம் நொறுங்கினார்கள்.

இரண்டு ஆண்டுகள் கழித்து 2015இல் அவருக்கு வயது 39. கையில் வலு குறைந்திருந்தது. வழக்கமான பருவத்தில் 9 டச் டவுன்கள் மட்டுமே. எதிரிகளின் கையில் 17 பந்துகளைக் கொடுத்துவிட்டார். நடுவில் சில வாரங்கள் வேறொருவர் அவரிடத்தில் ஆடினார். ஆனால் அந்த ஆண்டுதான் சூப்பர் பவுலை 24–10 என்று வென்றார்! அன்று அவர் எறிந்தது 141 கஜம். எதிரணிக் குவாட்டர்பேக்கின் கையிலிருந்து இருமுறை பந்தைத் தட்டிவிட்டு ஆட்டத்தைத் திருப்பிய தற்காப்பாளர் வான் மில்லருக்கே சிறந்த ஆட்டக்காரர் விருது கிடைத்தது.

வாழ்வின் மிகச் சிறந்த ஆண்டில் தோல்வி; மிக மோசமான ஆண்டில் மோதிரம். மோதிரத்தை வைத்து மானிங்கை அளப்பவர்கள் எந்த மானிங்கை அளக்கிறார்கள்?

பிரேடியின் கதையும் அவ்வாறே. 2002 பிப்ரவரியில் அவர் பெற்ற முதல் வெற்றியில் எறிந்தது 145 கஜம். 20–17 என்ற அந்த வெற்றியைத் தந்தது கடைசி விநாடியில் ஆடம் வினாட்டியேரி 48 கஜத் தொலைவிலிருந்து உதைத்த பந்து. 2018 பிப்ரவரியில் பிரேடி 505 கஜம் எறிந்தார். சூப்பர் பவுலில் அவ்வளவு தொலைவு அதற்கு முன் எவரும் எறிந்ததில்லை. ஆனால் ஆட்டம் 41–33 என்று பிலடெல்ஃபியாவின் பக்கம் போயிற்று. வென்றவர் மாற்று ஆட்டக்காரராக இருந்து இடையில் பொறுப்பேற்ற நிக் ஃபோல்ஸ். அதற்கு அடுத்த ஆண்டு பிரேடியின் அணி 13–3 என்று வென்றது. அந்த ஆட்டத்தில் எதிரணியை ஒரு டச் டவுன்கூட எடுக்கவிடாமல் பேட்ரியட்ஸ் தற்காப்புக் குழு தடுத்து நின்றது. 505 கஜம் எறிந்த இரவு அவருடைய ‘தோல்வி’. 13 புள்ளிகள் மட்டும் எடுத்த இரவு அவருடைய ‘ஆறாவது மோதிரம்’.

துணைவர் மாறினால்

துணைவர்களின் பங்கை அளக்க வேண்டுமானால் துணைவர்களை மாற்றிப் பார்க்க வேண்டும். வாழ்க்கையில் அத்தகைய சோதனை எளிதில் வாய்ப்பதில்லை. இந்த ஆட்டத்தில் சில முறை தானாகவே வாய்த்திருக்கிறது.

ஸ்டீவ் யங் என்பவர் 1985, 1986 ஆகிய ஆண்டுகளில் டம்பா பே அணிக்காக 19 ஆட்டங்களைத் தொடங்கினார். வென்றவை 3. உதவாதவர் என்று அவரைத் தள்ளிவிட்டார்கள். சான் ஃபிரான்சிஸ்கோ அவரை வாங்கியது. மொன்டானாவின் பின்னால் பல ஆண்டுகள் காத்திருந்தார். பின்னர் இருமுறை ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். 1995 ஜனவரியில் நடந்த சூப்பர் பவுலில் ஒரே இரவில் ஆறு டச் டவுன்களை எறிந்து 49–26 என்று வென்றார். டம்பாவிலேயே அவரை விட்டிருந்தால், அவருடைய பெயரை இன்று நாம் எழுதியிருக்கமாட்டோம்.

மஹோம்ஸின் சான்று இன்னும் தெளிவானது. 2021 பிப்ரவரியில் அவருடைய முன்வரிசையின் இரு ஓரங்களிலும் நிற்க வேண்டிய வழக்கமான காவலர்கள் இருவரும் காயத்தால் ஆடவில்லை. இரவு முழுவதும் அவர் உயிருக்கு ஓடுபவரைப் போல் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தார். 31–9, அவருடைய அணிக்கு ஒரு டச் டவுன்கூட இல்லை. அதன்பின் அவ்வணி அந்த ஐவரையும் புதிதாக அமைத்தது. 2023 பிப்ரவரியில் பிலடெல்ஃபியாவை எதிர்கொண்டார்கள். அந்தப் பருவத்தில் எதிரணிக் குவாட்டர்பேக்குகளை 70 முறை வீழ்த்திய அணி அது. மஹோம்ஸை ஒருமுறைகூட அது வீழ்த்த முடியவில்லை. 38–35 என்று மஹோம்ஸ் வென்றார். 2025 பிப்ரவரியில் அதே இரு அணிகளும் மீண்டும் மோதின. இம்முறை ஆறு முறை வீழ்த்தப்பட்டார். 40–22 என்று தோற்றார். மஹோம்ஸ் அதே மஹோம்ஸ்தாம். அவருக்கு முன்னால் நின்ற சுவர்தான் ஒருமுறை நின்றது, மறுமுறை இடிந்தது.

மறுபக்கத்தையும் பார்ப்போம்

இவ்வளவையும் வாசித்தபின், “அப்படியானால் குவாட்டர்பேக்குக்குப் பெருமையே இல்லையா? எவரை நிறுத்தினாலும் ஒன்றுதானா?” என்று கேட்கத் தோன்றும். அதுவும் அநீதியே. ஒருவருக்குரியதைப் பிறருக்குக் கொடுப்பது எவ்வாறு தவறோ, அவருக்குரியதை அவரிடமிருந்து பறிப்பதும் அவ்வாறே தவறு.

2011இல் கழுத்து அறுவை சிகிச்சையால் மானிங் ஒரு பருவம் முழுவதும் ஆடவில்லை. முந்தைய ஆண்டு 10 ஆட்டங்களை வென்ற இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணி 2 மட்டுமே வென்று 14இல் தோற்றது. அடுத்த ஆண்டு ஆண்ட்ரூ லக் என்ற இளம் குவாட்டர்பேக் வந்தார். மீண்டும் 11 வெற்றிகள். அந்த இடத்தில் நிற்பவர் யார் என்பது அவ்வளவு முக்கியம்.

இதற்கு எதிராகப் பிரேடியை மறுப்பவர்கள் 2008ஐ எடுத்துக்காட்டுவார்கள். அந்த ஆண்டின் முதல் ஆட்டத்திலேயே பிரேடியின் முழங்கால் சேதமடைந்தது. மேட் கேசல் பொறுப்பேற்றார். பல்கலைக்கழகத்தில்கூடக் குவாட்டர்பேக்காக ஓர் ஆட்டத்தையும் தொடங்கியிராத அவரை வைத்து அவ்வணி 11 ஆட்டங்களை வென்றது. “மானிங் இல்லாமல் 2, பிரேடி இல்லாமல் 11. எனவே மானிங்தான் பெரியவர்” என்பது அவர்களின் வாதம். கேட்பதற்கு வலுவாக இருக்கிறது. ஆனால் முந்தைய ஆண்டு பிரேடியுடன் அதே அணி 16 ஆட்டங்களையும் வென்றிருந்தது என்பதை அவர்கள் சேர்த்துச் சொல்வதில்லை. ஐந்து வெற்றிகள் குறைந்தன. அடுத்த சுற்றுக்கே அவர்கள் தகுதி பெறவில்லை. மேலும் ஒரு வீட்டின் முழுப் பாரத்தையும் ஒரே தூணில் ஏற்றியிருந்தால் அத்தூண் விழும்போது வீடு விழும். பல தூண்களில் பகிர்ந்திருந்தால் வீடு ஆடும், விழாது. கோல்ட்ஸின் வீழ்ச்சியில் மானிங்கின் பெருமையும் இருக்கிறது. அவருக்கு மாற்றாக எவரையும் ஆயத்தம் செய்யாத நிர்வாகத்தின் குறையும் இருக்கிறது. இரண்டையும் பிரிக்காமல் எண்ணுவது கணக்கன்று.

2020இல் பிரேடி தம் 43ஆவது வயதில் பேட்ரியட்ஸை விட்டு டம்பா பே அணிக்குச் சென்றார். முந்தைய ஆண்டு 7 ஆட்டங்களை மட்டும் வென்றிருந்த அணி அது. அவர் சென்ற முதல் ஆண்டிலேயே 11 வென்று சூப்பர் பவுலையும் வென்றது. அவர் விட்டுச் சென்ற பேட்ரியட்ஸ் 7 வெற்றிகளுக்கு இறங்கியது. அவருடைய பயிற்சியாளர் பில் பெலிசிக்கின் நிழலில்தான் அவர் பெரியவரானார் என்று இருபது ஆண்டுகள் பேசியவர்களுக்கு அந்த ஓர் ஆண்டு விடை சொல்லியது. ஆயினும் முழு விடை அன்று. அந்த இறுதிப் போட்டியில் மஹோம்ஸை 9 புள்ளிகளில் நிறுத்தியது டம்பாவின் தற்காப்புக் குழு. பிரேடி எறிந்த மூன்று டச் டவுன்களில் இரண்டைப் பிடித்தவர், அவரோடு வந்து சேர்ந்த பழைய தோழர் ராப் கிரான்கௌஸ்கி.

மானிங்குக்கும் இதுபோன்ற ஒரு சான்று உண்டு. அவர் நான்கு முறை சூப்பர் பவுலுக்குச் சென்றார். நான்கு முறையும் வெவ்வேறு தலைமைப் பயிற்சியாளர்கள். பயிற்சியாளர் மாறினார், நகரம் மாறியது. அவர் இருந்த அணிகள் உயர்ந்தன. இதையும் எவரும் மறுக்க இயலாது.

துணைவரை உருவாக்குபவர்

இங்கே வாதத்தின் நுட்பமான இடத்திற்கு வருகிறோம். ‘துணைவர் நல்லவராக அமைந்தார்கள்’ என்று சொல்லும்போது அவர்கள் வானத்திலிருந்து விழுந்தவர்களைப் போல் பேசுகிறோம். துணைவர் நல்லவராக ஆவதிலும் தலைவனுக்கு ஒரு பங்கு இருக்கிறது.

அமெரிக்க ஃபுட்பாலில் 1994 முதல் ஒவ்வோர் அணியும் ஊதியத்திற்குச் செலவிடும் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. ஒருவர் அதிகம் எடுத்துக்கொண்டால் மற்றவர்களுக்குக் குறையும். பிரேடி தம் தகுதிக்குச் சந்தையில் கிடைக்கக்கூடியதைவிடக் குறைந்த ஊதியத்திற்குப் பலமுறை ஒப்புக்கொண்டார். மிஞ்சிய தொகையில் நல்ல காவலரையும் தற்காப்பாளரையும் வாங்க இடமிருந்தது. ஆகவே “பிரேடிக்கு நல்ல துணைவர் வாய்த்தார்கள்” என்பது பாதி உண்மை. அவர்கள் வாய்ப்பதற்குத் தம் பங்கையும் அவர் குறைத்துக்கொண்டார் என்பது மறுபாதி. தாம் குறைவாக உண்டு பந்தியை நிறைத்தவருக்கு, பந்தி நிறைந்ததைக் குறையாகச் சொல்வது முறையாகாது.

பெயர் இல்லாதவர்கள்

இப்பேச்சில் நம் உள்ளத்தை மிகவும் தொட்டது ஒரு முன்வரிசைக் காவலரின் வரலாறு. 1967 டிசம்பர் 31ஆம் நாள் கிரீன் பே நகரில் பனிக்குளிர். ஃபாரன்ஹீட் அளவில் சுழியத்திற்கு 13 பாகை கீழே. பேக்கர்ஸ் அணி டல்லாஸை விட மூன்று புள்ளிகள் பின்தங்கியிருக்கிறது. எல்லைக்கோட்டுக்கு ஒரு கஜத்திற்கும் குறைவான தொலைவு. மீதமிருப்பவை 16 விநாடிகள். குவாட்டர்பேக் பார்ட் ஸ்டார் பந்தை எவருக்கும் கொடுக்காமல் தாமே ஏந்திக் கோட்டைக் கடந்து விழுந்தார். 21–17 என்று வெற்றி. அவர் நுழைந்த அந்த இடைவெளியைத் திறந்துவிட்டவர்கள் உறைந்த தரையில் காலூன்றி எதிரியைத் தள்ளிய ஜெர்ரி கிரேமரும் அவருடைய பக்கத்துக் காவலரும்.

ஸ்டார் 1977இல் இவ்விளையாட்டின் புகழ் மன்றத்தில் சேர்க்கப்பட்டார். கிரேமர் எப்போது சேர்க்கப்பட்டார் தெரியுமா? 2018இல். நாற்பத்தொரு ஆண்டுகள் கழித்து! வழி திறந்தவருக்கும் அவ்வழியில் நுழைந்தவருக்கும் இடையே நாற்பத்தொரு ஆண்டு தொலைவு.

இது எவருடைய தீய எண்ணத்தாலும் நடந்ததன்று. எறிபவருக்கு கஜம் உண்டு, பிடிப்பவருக்கு எண்ணிக்கை உண்டு. தடுத்து நிற்பவருக்கு எழுதிவைக்க எண்ணே இல்லை. அவர் பணியைச் செவ்வனே செய்தால் எதுவும் நிகழாது. குவாட்டர்பேக் வீழ்த்தப்படாமல் இருப்பார், அவ்வளவுதான். நிகழாமல் போன தீங்கை எந்த ஏட்டில் எழுதுவது? எண்ணத் தெரிந்ததை மட்டும் எண்ணிவிட்டு, எண்ணாததை இல்லையென்று நினைத்துக்கொள்வது மனித இயல்பு.

நம் தீர்ப்பு

நம் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் விடை இதுதான். பிரேடி மிகப் பெரியவர் என்பதை ஏற்கிறோம். ஏழு மோதிரங்களுக்காக அன்று. 2000ஆம் ஆண்டு 199ஆவது ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 23 பருவங்கள் ஆடி, துணைவர் பலமுறை மாறியும், இறுதியில் அணியே மாறியும், உடனிருந்தோரை உயர்த்திக்கொண்டே இருந்தார், அதற்காக. மானிங் அவருக்குக் கைத்திறனிலோ அறிவிலோ குறைந்தவர் என்று மோதிரத்தைக் காட்டிச் சொல்வதை ஏற்கமாட்டோம். மரீனோவின் வெறும் விரல் அவருடைய குற்றமன்று. ஏழில் எத்தனை பங்கு பிரேடியுடையது என்று எவராவது துல்லியமாகச் சொன்னால் அவரை நம்ப வேண்டாம். கலந்துவிட்ட பாலையும் நீரையும் அவ்வாறு பிரித்துக் காட்ட எவராலும் இயலாது. இயலாது என்று ஒப்புக்கொண்டு, புகழைப் பகிர்ந்தும் பழியைப் பகிர்ந்தும் பேசுவதே நேர்மை.

இதை எழுதும்போது நம் மத்ரஸாவில் நாமே செய்த ஒரு பிழை நினைவுக்கு வந்து உறுத்தியது. சில ஆண்டுகளுக்கு முன் கிராஅத் போட்டியில் நம் மாணவன் ஒருவன் முதற்பரிசு பெற்றான். மேடையில் அவனைப் புகழ்ந்தோம். அவனுடைய பெற்றோரைப் புகழ்ந்தோம். நம்மையும் மறைமுகமாகப் புகழ்ந்துகொண்டோம். ஒவ்வொரு நாளும் ஃபஜ்ருக்குப் பின் அவனெதிரில் அமர்ந்து, அவன் ஓதுவதைக் கேட்டுப் பிழை திருத்திய இன்னொரு சிறுவன் கூட்டத்தின் பின்வரிசையில் அமர்ந்திருந்தான். அவன் பெயரை ஒருமுறைகூட நாம் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு அவன் மத்ரஸாவுக்கு வரவில்லை. காரணம் அதுதான் என்று உறுதியாகக் கூற இயலாது. அது இல்லையென்றும் கூற இயலாது.

பெற்றோர்களே! “பக்கத்து வீட்டுப் பிள்ளை எவ்வளவு மதிப்பெண் எடுத்திருக்கிறது பார்!” என்று சொல்லுமுன், அந்தப் பிள்ளைக்கு முன்னால் எத்தனை பேர் சுவராக நிற்கிறார்கள், நம் பிள்ளைக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.

கட்டுரையின் தொடக்கத்தில் கூறிய அந்த 2015 பிப்ரவரி இரவுக்கே திரும்புவோம். அன்று கடைசிக் கால்பகுதியில் 10 புள்ளிகள் பின்தங்கியிருந்த அணியைப் பிரேடி இருமுறை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்று 28–24 என்று முன்னிலைக்குக் கொண்டுவந்தார். அது அவருடைய திறமை. ஆனால் ஆட்டம் முடிய அரை நிமிடத்திற்கும் குறைவாக இருக்கையில், சியாட்டில் அணி எல்லைக்கோட்டுக்கு ஒரு கஜத் தொலைவில் நின்றது. பிரேடி களத்திற்கு வெளியே, எதுவும் செய்ய இயலாதவராக இருந்தார். அப்போது மால்கம் பட்லர் என்ற இளைஞர் பாய்ந்து பந்தை இடைமறித்துப் பிடித்தார். ஆண்டுத் தேர்வில் எந்த அணியும் பெயர் கூறி அழைக்காத முதலாண்டு வீரர் அவர். வெற்றி உறுதியாயிற்று.

சிறந்த ஆட்டக்காரர் விருதும் அதற்குப் பரிசான ஒரு வாகனமும் பிரேடிக்கு அளிக்கப்பட்டன. வாகனம் தமக்குரியதன்று, பட்லருக்குரியது என்றார் பிரேடி. அவ்வாறே அது பட்லரிடம் சேர்ந்தது. மோதிரங்களை எண்ணி வாதிடும் நம் பிள்ளைகளுக்கு அவர்களுடைய நாயகரே அன்று பாதி விடையைக் கொடுத்துவிட்டார்.

நம் வகுப்பிலிருந்து நின்றுவிட்ட அந்தச் சிறுவனின் வீடு நமக்குத் தெரியும். இந்த வாரம் அங்கே செல்ல எண்ணியிருக்கிறோம். உங்கள் துஆவில் எம்மையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வஸ்ஸலாம்.